ஆமைக்கு வழிவிட்டவளுக்கு ஒரு மதில்

வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கடை ஊரில் மேற்குளம், கீழ்க்குளம் என்று இரண்டு குளம். நடுவில் எங்கடை வீட்டு வளவுகள். மாரி பிறந்தால் மேற்குளத்துத் தண்ணீரும் அதோடு ஆமைகளும் பனையோலை வேலிப் பொட்டுகளுக்குள்ளால் கீழ்க்குளத்துக்குப் போகும். பொட்டு என்றால் கோழியும் நாயும், சண்டையில்லாத நாளில் பக்கத்து வீட்டுக்காரியும் புகுந்து வருகிற ஓட்டை.

பிள்ளைகள் கனடா, சுவிஸ் என்று போனபிறகு மதில் கட்டினோம். பக்கத்து வளவுப் பரமலிங்கம் ஆறடி கட்டினான், நான் ஏழடி கட்டினேன். மேலே இரண்டு சீமெந்து அன்னமும் வைத்தேன். மகாதேவிக்கு வெளிநாட்டில் ஒருத்தரும் இல்லை. அவளுடைய வேலி மட்டும் மிஞ்சியது. தண்ணீரும் ஆமையும் அதற்குள்ளால்தான் போயின.

அப்போதுதான் ஆமை குறைந்துவிட்டதாக அரசாங்கம் கண்டுபிடித்தது. 'குளச்சூழல் உயிர்ப்பல்வகைமை மற்றும் வாழிடத் தொடர்புப் பாதுகாப்புக் குழு' அமைக்கப்பட்டது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தலைவராக்கிவிட்டார்கள்.

உத்தியோகத்தர் ஜெயரூபன் வந்தார். "ஐயா, ஆமைக்கு இன்னும் வழி வேணும். ஆரின்ரை மதிலிலை ஓட்டை போடலாம்?"

"பரமலிங்கத்தின்ரை மதில் பழசு, தம்பி."

"உன்ரை அன்னத்துக்குக் கீழை போடன்!" என்றான் பரமலிங்கம்.

"அப்ப ஆமையளை ஓலைக் கடகத்திலை தூக்கிக்கொண்டுபோய் விடுவமே?" என்றேன்.

"ஏலாது ஐயா. தானா நடந்தால்தான் வாழிடத் தொடர்பு. தூக்கினால் அது போக்குவரத்து. அது வேறை திணைக்களம்."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆகவே, ஏற்கனவே வழிவிட்டிருக்கும் மகாதேவியைக் கௌரவிப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். பரிசு: அரசாங்கச் செலவில் நாலு பக்கமும் மதில்.

மகாதேவி ஓடிவந்தாள். "தில்லை அண்ணை, என்ரை வளவு பள்ளம். பொட்டை அடைச்சால் வீட்டுக்குள்ளை வெள்ளம் நிக்கும். எனக்கு மதில் வேண்டாம்!"

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. ஊரிலை ஆருக்கு உது கிடைக்கும்?"

மதில் எழும்பியது. முகப்பில் கல்லில் பொறித்தார்கள்: 'ஆமைகளுக்கு வழிவிட்ட அன்னை.' பக்கத்தில் ஒரு ஆமைப் படம். நாடா வெட்டி வடை தின்றோம்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. ஒருநாள் விடிய எழும்பினால் முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர். மேசையில் ஏறி, மதிலுக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்தேன். அடுத்த மதிலுக்கு மேல் பரமலிங்கத்தின் தலை. அதற்கு அப்பாலும் மதிலுக்கு மதில் ஒரு தலை.

மகாதேவி தன்ரை மதிலுக்கு மேலேயே ஏறி இருந்தாள். மடியில் ஒரு ஆமை.

"என்ரை சட்டி பானையெல்லாம் மிதக்குது!" என்று கத்தினாள். "உது அரசாங்க மதிலாம், கை வைச்சால் பிடிச்சு மறியலிலை போடுவினமாம். ஜெயரூபன் சொல்லிப்போட்டார். உங்கடை மதில் உங்கடைதானே? ஆர் முதல் ஒரு பொட்டு வைக்கிறியள்?"

டக்கென்று எல்லாத் தலையும் உள்ளே போய்விட்டது. என்ரை தலைதான் முதல் போனது.

ஆமை மட்டும் தலையை வெளியே நீட்டி எங்களைத் தேடிக்கொண்டிருந்ததாம்.