ஏழாம் மாடியில் பிறந்த சமத்துவம்

சமத்துவத்துக்காகப் பிரான்சில் தலைகளை வெட்டினார்கள். ரஷ்யாவில் அரச குடும்பத்தையே சுட்டார்கள். ரத்தம் வீணானதுதான் மிச்சம். அதே சமத்துவம் மணிலாவில், ஒர்த்திகாஸ் பகுதியின் ஒரு கட்டடத்தில், ஏழாம் மாடியில், இரண்டே வரிகளில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த மகான் ரெமிஜியோ, ஒரு மென்பொருள் கம்பெனியின் முதலாளி. அந்த இரண்டு வரிகளை எழுதியவள் ஜெர்லின். அவள் வெறும் ஒப்பந்த ஊழியர் என்பதால் வரலாறு அவளைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

ஆறு மாதம் தாண்டிய ஆளை நிரந்தரமாக்கியே தீர வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு தட்டு பன்சித் நூடுல்ஸ் ஊட்டி வழியனுப்பிவிடுவது வழக்கம். ஜெர்லினுக்கு ஐந்து மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. தொழிலாளர் துறையின் அரசு ஆய்வாளர் வந்து திருப்தியாகத் திரும்பினால் வேலை நிரந்தரம் என்று மகான் அவளுக்கு மட்டும் வாக்குக் கொடுத்திருந்தார். தம்பியின் படிப்பும் அம்மாவின் மருந்தும் அவள் தலையில் இருந்ததால் அவள் நம்பினாள்.

ஆய்வுக்காக ஊழியர் பட்டியலைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். பெயர்கள் வரவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த வால்கள்தான் வரிசையாக வந்தன.

"என்ன மகளே இது, ஜெயில் நம்பர் மாதிரி?" என்றார் ரெமிஜியோ.

"நம்ம நிரல் எழுதியிருக்கிற பைத்தான் மொழில நாம சொல்லித் தரலேன்னா இப்படித்தான் பாஸ் வரும். 'உன்னைக் காட்டு'ன்னா எதைக் காட்டணும், ரெண்டு பேரைப் பக்கத்துல வச்சா சமமா இல்லையா, எல்லாம் நாமதான் எழுதணும். பேரு, வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, மூணும் வர்ற மாதிரி எழுதிடறேன்."

மகான் கண்ணை மூடினார். "ஒப்பந்தமா? குடும்பத்துக்குள்ள பேசுற பேச்சா இது? எல்லாருக்கும் 'குடும்பத்தில் ஒருவர்'னு வரட்டும். சமமான்னு கேட்டா, யாரைக் கேட்டாலும் ஆமாம்னு சொல்லட்டும்."

"நீங்களும் கக்கூஸ் கழுவுற நெஸ்தோர் அண்ணனும்கூடவா பாஸ்?"

"நானும்தான்." அவர் குரல் தழுதழுத்தது. அன்று ஏசி கொஞ்சம் அதிகம் என்பது பொறாமைக்காரர்கள் கட்டிவிட்டது.

ஆய்வாளர் திருமதி பங்கானிபான் வந்தார். ஜெர்லின் பட்டனைத் தட்டினாள். 'மொத்த ஊழியர்கள்: 1' என்றது திரை.

ஒருவரே இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டுத்தான் அந்த நிரல் எண்ணும். எல்லோரும் எல்லோருக்கும் சமம் என்று ஆனபின், முதல் ஆளை வைத்துக்கொண்டு பாக்கி அத்தனை பேரையும் நீக்கிவிட்டது. பட்டியலில் முதல் ஆள் ரெமிஜியோ.

"ஒரே ஆளா?" என்றார் ஆய்வாளர்.

"நான் மட்டுந்தான் மேடம்," என்றார் மகான், கண் இமைக்காமல்.

"அங்க உட்கார்ந்து தட்டிக்கிட்டிருக்கிற நாப்பது பேரு?"

"குடும்பம்."

"பத்துப் பேருக்குக் கீழேன்னா எனக்கு இங்க பெருசா வேலை இல்ல," என்று ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். லும்பியா என்ற பொரித்த ரோல் சாப்பிட்டார். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், திரையில் வருவதே மெய்.

அவர் லிஃப்டில் இறங்கியதும் ஜெர்லின் மகானின் அறைக்குள் போனாள். "பாஸ், என் நிரந்தர ஆர்டர்?"

"பைத்தியக்காரப் பொண்ணே, வீட்டுப் பிள்ளைக்கு யாராவது வேலைக்கு ஆர்டர் குடுப்பாங்களா?"

"வீட்டுப் பிள்ளைன்னா சொத்துல பங்கு உண்டே பாஸ். நீங்களும் நானும் சமம்னு வேற எழுதியிருக்கு."

ரெமிஜியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தச் சமத்தை எடுத்துடு."

"எடுத்தா நாப்பது பேரும் திரைக்கு வந்துருவாங்க. மேடம் இன்னும் பார்க்கிங்லதான் இருக்காங்க."

மகான் யோசித்தார். பெரியவர்கள் யோசித்தால் வழி பிறக்காமல் போகாது.

"ஊழியர்கிட்ட 'நீ முதலாளிக்குச் சமமா'ன்னு கேட்டா, ஆமாம்னு சொல்லணும். அதையே என்கிட்ட திருப்பிக் கேட்டா, நான் யாருக்கும் சமமில்லைன்னு சொல்லணும். அப்படி எழுத முடியுமா?"

"முடியும் பாஸ். யாரைக் கேக்கறோமோ அவங்க சொல்றதுதான் பதில். பைத்தான் அதையெல்லாம் தப்புன்னு சொல்லாது." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஆனா எழுதணும்னு அவசியமே இல்ல. இத்தனை வருஷமா இந்த ஆபீஸ் அப்படித்தானே ஓடுது?"

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பன்சித் ஊட்டினார்கள். குடும்பமே அழுதது, மகான் இரண்டு டிஷ்யூ செலவழித்தார். திங்கட்கிழமை ஊழியர்களை மறுபடி திரையில் எண்ணிப் பார்த்தார்கள். ஜெர்லின் போனதில் ஒருவர்கூடக் குறையவில்லை.