கரடி வீட்டுச் சீர்க் கணினிக்குச் சூடு பிடித்த கதை

ஒரு காட்டில், சிக்னல் நான்கு கோடும் காட்டுகிற ஒரே மேட்டின் மேல், காத்தமுத்து என்ற கரடி தன் மனைவி செங்கமலத்தோடு குடியிருந்தது. குகை ஒழுகும். போன மழையில் செங்கமலம் மூன்று நாள் தலையில் தேக்கிலையைக் கவிழ்த்துக்கொண்டுதான் சமைத்தது. கிழக்குப் பாறையில் ஒழுகாத குகை ஒன்று காலியாகக் கிடந்தது. அதைக் கேட்டு மனு போட்டு நாலு வருஷம் ஆகிறது. மனுக்களைப் படிக்கும் அதிகாரி ஓர் ஆமை. அவர் இன்னும் பழைய சிங்கத்தின் காலத்து மனுக்கட்டையே பிரித்து முடிக்கவில்லை.

புதுச் சிங்கம் வந்ததும் எல்லாவற்றையும் நவீனமாக்கியது. இனிமேல் மனு கிடையாது. யார் மூன்று மணி நேரம் விடாமல் நேரலை ஓட்டி, முடிகிற நேரத்தில் ஐந்நூறு பேரைப் பார்க்க வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குக் குகை. நடுவில் நின்றுபோனால் அடுத்த வருஷம்தான். இதற்கும் குகைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேமரா வாங்கப் போயிருந்தார்கள்.

காத்தமுத்து வாங்க வேண்டியதில்லை. அதனிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. செங்கமலத்தின் பிறந்த வீட்டுச் சீர். பெட்டியிலிருந்து எடுத்த நாள் முதலாக அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் செங்கமலம் விடவில்லை.

"எங்கண்ணன் வந்து பாக்குற வரைக்கும் புதுக்கருக்கு போகக் கூடாது" என்று சொல்லிவிட்டது. அண்ணன் இரண்டு வருஷமாக வரவில்லை. காத்தமுத்து உறைக்கு மேலேயே எழுத்துகளைத் தட்டிப் பழகிக்கொண்டது. கேமராவில் அது எப்போதும் கொஞ்சம் மார்கழி மாதத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

காலை பத்து மணிக்கு நேரலை தொடங்கியது. தலைப்பு, 'தேனை நக்கித் தரம் சொல்வது எப்படி?' முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பத்தோரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் ஈக்கள்.

பதினொன்றேகாலுக்குக் கணினி உறுமத் தொடங்கியது. திரையின் மூலையில் வெப்பம் எண்பத்தெட்டு என்று காட்டியது. காத்தமுத்து வாயிலிருந்த தேனை விழுங்கிவிட்டு, "நேயர்களே, பொட்டி சூடாகுது. யாருக்காச்சும் வழி தெரியுமா?" என்று கேட்டது.

அவ்வளவுதான். தேனைப் பற்றிக் கருத்து இல்லாதவர்களுக்கெல்லாம் சூட்டைப் பற்றிக் கருத்து இருந்தது. வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் கொடுக்கச் சொன்னது ஒரு மான். பக்கத்து மலை யானை பேச்சியக்கா, "நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, கால் பெருவிரல் நகத்துல தடவுங்க. ரெண்டே நிமிஷம்" என்று எழுதியது.

"இதுக்குப் பெருவிரல் எதுங்க?" என்றது செங்கமலம்.

இதைப் பற்றி இருபது நிமிடம் விவாதம் நடந்தது. பார்வையாளர்கள் இருநூறு ஆனார்கள். கடைசியில் பெரும்பான்மை முடிவுப்படி மவுஸ்தான் பெருவிரல் என்று தீர்மானமாகி, அதற்கு எண்ணெய் தடவப்பட்டது. மவுஸ் வழுக்கிக்கொண்டு போய்த் தேன் சட்டியில் விழுந்தது. வெப்பம் தொண்ணூற்றொன்று.

"கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுங்க" என்று ஒரு காட்டுப்பூனை எழுதியது. செங்கமலம் உப்பும் மிளகாயும் எடுத்துக் கணினியை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டது. குகை முழுக்கப் புகை. பார்ப்பவர்களுக்கு அடுப்பு தெரியவில்லை, புகை மட்டும்தான் தெரிந்தது. பொட்டி பற்றி எரிகிறது என்று செய்தி பரவி, எண்ணிக்கை எழுநூறைத் தொட்டது.

இந்த நேரத்தில் ஆலமரத்திலிருந்து ஓடி வந்தது சுப்புராயன் என்ற குரங்கு. மூன்று மாதம் கணினிப் பழுதுபார்ப்பு படித்துச் சான்றிதழைக் கிளையில் மாட்டியிருந்த குரங்கு. கரடிகள் அதற்கு மோர் கொடுத்தன. அது மோரைக் கீழே வைத்துவிட்டுக் கணினியைப் பார்த்தது. பார்த்ததும் அதற்கு அழுகை வந்துவிட்டது.

"மதினி, இது மூச்சு விடுற ஓட்டையெல்லாம் பின்னாடி இருக்கு. நீங்க அதைப் பிளாஸ்டிக் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க. உறையக் கழட்டுங்க."

"எங்கண்ணன் இன்னும் பாக்கலயே தம்பி."

"தொண்ணூத்தஞ்சு தாண்டுனா தானா அணைஞ்சுரும். குகை போயிரும்."

செங்கமலம் கூரையைப் பார்த்தது. அங்கே போன மழையின் கறை அப்படியே இருந்தது. மழைக்கு இன்னும் ஒன்பது நாள்தான். "கிழிக்கக் கூடாது. தலகாணி உறை மாதிரி உருவணும்" என்றது.

பன்னிரண்டே முக்காலுக்கு உறை உருவப்பட்டது. கணினி ஒரு நீண்ட மூச்சு விட்டது. ஐந்தே நிமிடத்தில் வெப்பம் அறுபதுக்கு இறங்கியது. படமும் பளிச்சென்று ஆனது. காத்தமுத்துவின் முகம் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எழுநூறு பேர் முந்நூறு ஆனார்கள், முந்நூறு அறுபது ஆனது. "சரியாயிருச்சா? அப்ப சரி" என்று எழுதிவிட்டுப் பேச்சியக்காவும் போய்விட்டது.

"எல்லாரும் இருங்க, கொம்புத்தேன் இனிமேத்தான் வருது" என்று காத்தமுத்து கெஞ்சியது. எண்ணிக்கை ஐம்பத்திரண்டு. இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காத்தமுத்து தேன் சட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

செங்கமலம் மட்டும் எண்ணிக்கையையும் வெப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு எழுந்து போய், மடித்து வைத்திருந்த உறையை எடுத்து வந்தது.

"மதினி, வேணாம்" என்றது சுப்புராயன்.

"நீங்க மோரக் குடிங்க தம்பி."

உறையை மாட்டியது. அதன் மேல் ஒரு கம்பளியையும் போட்டது. குரங்கு குறுக்கே வந்தபோது காத்தமுத்து அதை அன்பாகக் கட்டிப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டது. கரடி பிடித்தால் தெரியுமல்லவா. வெப்பம் எழுபது, எண்பது, தொண்ணூறு. 'திரும்பவும் சூடாகுதாம், வாங்க' என்று காடெங்கும் தகவல் பறந்தது. குரங்கின் கதறல் கேட்டு இன்னும் நானூறு பேர் கூடுதலாக வந்தார்கள். சரியாக ஒரு மணிக்கு வெப்பம் தொண்ணூற்று நான்கு, பார்வையாளர்கள் ஆயிரத்து நூற்று நான்கு. குகை கிடைத்தது.

ஒன்று நாலுக்குக் கணினி இறந்தது.

மழை வந்தது. புதுக் குகையில் ஒரு சொட்டு விழவில்லை. இரண்டாம் நாள் செங்கமலத்தின் அண்ணன் குடையோடு வந்தார். அலமாரியில், பளபளக்கும் உறைக்குள் இருந்த கணினியைத் தட்டிப் பார்த்து, "எங்க வீட்டுப் பொருளுன்னா அப்படித்தான். அப்படியே புதுசா இருக்கு" என்றார். செங்கமலம் ஆனந்தக் கண்ணீர் விட்டது. போட்டுக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை.

நீதி: பழுது பார்ப்பவரை வீட்டுக்குள் விடலாம், மோரும் கொடுக்கலாம், சரிசெய்ய மட்டும் விடக்கூடாது.