கீழ் வீட்டு பிரெஞ்சு வாத்தியார்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் எழுதுகிறேன். நலமறிய ஆவல். அத்தானுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ முதலில் அழுவாய், அப்புறம் போனை அத்தானிடம் கொடுப்பாய், அவர் அங்கே மழை உண்டா என்று கேட்பார், நான் உண்டு என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆகவே கடிதம்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்பதே உனக்குச் சரியாகத் தெரியாது. பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று அப்பா என்னை அந்த வகுப்பில் தள்ளிவிட்டார். அது என்னைக் கடல் தாண்டி இப்படி ஒரு ஊரில் கொண்டுவந்து நிறுத்தும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். இந்த ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சு அந்நியம், எனக்கும் அந்நியம், நடுவில் இவர்கள் மொழி ஒன்று இருக்கிறது, அது எனக்கு மட்டும் அந்நியம். அந்த மொழியில்தான் பாடம் நடத்துகிறேன். நான் அவர்கள் பிரெஞ்சைத் திருத்த, அவர்கள் என் பேச்சைத் திருத்த, வகுப்பு முடியும்போது யார் யாருக்கு வாத்தியார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். எங்கள் பயிற்சி நிலையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வாசலில் பெரிய விளம்பரப் படம். அதில் பொன்னிற முடியோடு ஒரு வாலிபன் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். வகுப்பு தொடங்கிக் கொஞ்ச காலம் போன பிறகு ஒருவர் தனியாக வந்து, "அந்த சார் எப்ப வருவாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். நான்தான் அந்த சார் என்றேன். மறுவாரம் அவர் வரவில்லை. நிலையத்தை நடத்தும் மேடத்திடம் படத்தை மாற்றச் சொன்னேன். "உங்க படத்தைப் போட்டா என்ன கத்துக்க வரோம்னே ஜனங்களுக்குப் புரியாதே" என்றார். நியாயம்தானே. தமிழில் பேசவோ எனக்கு இங்கே நாதியில்லை. நிலையத்து ஜெராக்ஸ் மெஷின் பேப்பரைச் சிக்கவைக்கும்போது வாயார நாலு வார்த்தை திட்டுவேன், அவ்வளவுதான். அதுவும் பதில் பேசுவதில்லை.

இனி என் வீட்டுக்காரர் விஷயம். வீட்டுக்காரர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர். கடிதத்தைப் பக்கத்து வீட்டில் வாசித்துக் காட்டுவாய், இந்த இடத்தில் மட்டும் நிதானமாக வாசி. அவரும் அவர் மனைவியும் மாடியில், நான் கீழே ஒற்றை அறையில். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவர் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலையிலேயே ஊறிப்போனதால், வீட்டில் யாராவது வேகமாகப் பேசினாலும் அவர் வலது கால் தரையை மிதிக்கும். நல்ல மனுஷர். குழாய் ஒழுகினால் நான் சொல்வதற்குள் ஸ்பானரோடு வந்து நிற்பார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசமாட்டார்.

ஒரு சாயங்காலம் என் புது வகுப்பில் கடைசி வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வகுப்பு முடிந்ததும், "சார், நான் இங்க வர்றது அவருக்குத் தெரிய வேணாம்" என்றார். பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலைக்கு ஏற்பாடாகியிருக்கிறது, மொழித் தேர்வில் தேறினால் போய்விடலாம், தனியாகத்தான் போகப்போகிறார். ஏனம்மா, அவர் கெட்டவரா என்றேன். "கெட்டவர் இல்ல சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் எதை ஓட்டினாலும் பக்கத்துல உட்கார்ந்து மிதிச்சு நிறுத்திடறாரு. எங்கயாவது முட்டிக்கிட்டாலும் பரவாயில்ல, ஒரு தடவை நானா ஓட்டிப் பாக்கணும்." கல்யாணமே ஆகாத நான் இதற்கு என்ன பதில் சொல்வது? வினைச்சொல் அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

இதோடு நின்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சில வாரம் கழித்து, அந்த அம்மா காலை டூட்டிக்குப் போன பிறகு, வீட்டுக்காரர் என் கதவைத் தட்டினார். குழாய்தான் என்று நினைத்தேன். கையில் ஸ்பானர் இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, "எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு சொல்லிக்கொடுங்க சார். அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றார். கல்யாணமான புதிதில் பிரெஞ்சு பேசும் நாட்டுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாராம். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே காலம் ஓடிவிட்டதாம். இந்தக் கல்யாண நாளுக்கு மனைவியிடம் சொல்லாமல் டிக்கெட் போட்டிருக்கிறார். அங்கே போய் ஊமை மாதிரி நின்றால் அவளுக்கு அவமானம் இல்லையா என்று என்னையே கேட்டார்.

அக்கா, காலையில் புருஷனுக்கும் மாலையில் பெண்சாதிக்கும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவருக்கு ஒரே பாடத்தை நடத்தியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். அவருக்கு நாக்கு திரும்பவே இல்லை. ஆனால் எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் 'என் மனைவி' என்றுதான் ஆரம்பிப்பார். என் மனைவிக்குக் குளிர் ஆகாது. என் மனைவிக்கு ஜன்னல் ஓரம் வேண்டும். என் மனைவிக்குச் சர்க்கரை போடாத காபி. வகுப்பிலோ அந்த அம்மாவுக்கு 'நான்' என்பதைத் தவிர வேறு எழுவாயே கிடையாது. ஒருநாள் 'இருக்கும்' என்ற சொல்லை வைத்து ஆளுக்கு இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னேன். எனக்கு ஓர் அறை இருக்கும், அதில் ஒரு நாற்காலி இருக்கும் என்றார். பன்மையில் பழக்கலாமே என்ற சாக்கில், இரண்டு நாற்காலி என்று சொல்லிப்பாருங்கள் என்றேன். என் கண்ணைப் பார்த்து, "ஒண்ணு போதும் சார்" என்றார். வகுப்பில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது.

யாரிடம் எதைச் சொல்வது? சொன்னால் ஒருவருக்குத் துரோகம், சொல்லாவிட்டால் இன்னொருவருக்குத் துரோகம். இப்படி நான் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோதே, ஒருநாள் காலை டூட்டிக்குப் போன அந்த அம்மா பாதி வழியில் திரும்பி நேராக என் அறைக்குள் நுழைந்தார். தேர்வில் தேறிவிட்ட செய்தி போனில் வந்திருக்கிறது, யாரிடமாவது சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு அவருக்கு இருந்த ஆள் நான் ஒருவன். எதிரே அவர் புருஷன், என் மேஜையில், செருப்புகூடப் போடாமல், பாடத்தைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் தன் குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்து வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பிரெஞ்சில், "என் மனைவிக்கு ஜன்னல் ஓரம் வேண்டும்" என்றார். நாலு பிழை. அந்த அம்மாவின் முகம் கோணிவிட்டது. அழுகையா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் பிரெஞ்சிலேயே பதில் சொன்னார். தேறிவிட்டேன், அடுத்த மாதம் போகிறேன், தனியாகத்தான் போகிறேன். ஒரு பிழை இல்லை, அக்கா. ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "என்ன சார் சொன்னா? வேகமா சொல்லிட்டா" என்றார்.

அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். நான் சொன்னேன். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் இவர்கள் மொழியில் சொன்னேன். இங்கே வந்த நாள் முதல் யாரும் திருத்தாத வாக்கியம் அது ஒன்றுதான். வீட்டுக்காரர் கால் தரையை மிதித்தது. பிறகு மெதுவாக எடுத்துவிட்டார்.

அந்த அம்மா போய்விட்டார். பெட்டியைக் கீழே இறக்கிக்கொடுத்தது வீட்டுக்காரர்தான், ஸ்டேஷனுக்குக் காரில் கொண்டுவிட்டதும் அவர்தான். திரும்பி வந்து என் வாசலில் நின்று, "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மேலே அவர் ஒருவர் நடக்கும் சத்தம், கீழே நான் ஒருவன். நிலையத்தில் போய் வாயைத் திறந்தால் உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. என் தொழில் எனக்கே கசந்துவிட்டது. ஊருக்கு வந்து எதையாவது செய்து பிழைத்துக்கொள்கிறேன். மாடி அறையை ஒழித்து வைக்கவும். பெண் மட்டும் பார்க்க வேண்டாம். கல்யாணத்தை மிக அருகில் நின்று பார்த்துவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், இங்கே மழை உண்டு. மருமகள் நன்றாகப் படித்து நல்ல இடத்துக்கு வர என் ஆசிகள். எந்த மொழியை வேண்டுமானாலும் எடுக்கட்டும், மார்க்குக்காக எடுக்க வேண்டாம்.

உன் நிழலில் வளர்ந்த,
தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பினேன், வீட்டுக்காரர் படியிறங்கி வந்து வழியை மறித்தார். நேற்று அந்த அம்மா போன் செய்தாராம். அங்கே அவர் பார்த்துக்கொண்ட ஒரு வயதான நோயாளி இறந்துவிட்டாராம். கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தானாம், ஆறுதல்கூடச் சொன்னார்களாம். "ஆனா அவளுக்கு பிரெஞ்சுல அழ வரலையாம் சார்" என்றார். போனிலேயே நெடுநேரம் அழுதிருக்கிறார், இவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உங்களை வரச் சொன்னாரா என்று கேட்டேன். "வரச் சொல்லல. வந்தா வேணாம்னு சொல்லமாட்டாளாம்." பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, "நான் சும்மா இருப்பேன்னு பிரெஞ்சுல எப்படி சார் சொல்றது?" என்று கேட்டார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வாக்கியம். காலையிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அது வருகிற வரைக்கும் நான் வருவதற்கில்லை.