ஒயின் பெட்டியின் பூர்வோத்தரம்

பூர்வோத்தரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. வளைகுடாவில் நம்மவர் வீட்டுச் சாமான்களில் பாதி, ஊருக்குக் கிளம்பியவர்கள் தள்ளிவிட்டுப் போனவைதான். மற்றவர்கள் வாங்கினோமா, துடைத்தோமா என்று இருப்பார்கள். இவருக்கு அது போதாது. இவர் வீட்டு நாற்காலியில் உட்காருவதற்குமுன் நாற்காலியின் கொள்ளுத்தாத்தா யாரென்று நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அபுதாபியில் எங்கள் கட்டடத்து நாலாம் மாடி பத்மநாபன் இந்த இனத்தில் முதல் தரம். அவரிடம் ஓர் ஆங்கிலேய ஒயின் கூலர் இருந்தது. கரண்டில் ஓடுவது என்று நினைத்துவிடாதீர்கள், அவர் மனம் புண்படும். மஹோகனி மரத்தில் எட்டுப் பட்டையாகச் செய்து, பித்தளை வளையம் போட்டு, உள்ளே ஈயத்தகடு அடித்து, அந்தக் காலத்துத் துரைமார் ஐஸ் கொட்டி பாட்டில்களைச் சொருகி வைத்த பெட்டி. பத்மநாபன் மோரைத் தவிர எதையும் குளிரவைத்துக் குடித்தவரல்ல. அவர் மனைவி வசந்தகுமாரி அதில் பழைய சார்ஜர் வயர்களைப் போட்டு வைத்திருந்தார்.

அதனால் என்ன? யார்க்ஷயரில் ஒரு பிரபு, பிரபுவின் மருமகன், மருமகனிடமிருந்து கண்டித் தோட்டத்துத் துரை, துரையிடமிருந்து எண்ணெய்க் கம்பெனி மேனேஜர், அவர் ஊருக்குக் கிளம்பியபோது "சாட்சாத் நான்" என்று பத்மநாபன் மார்பைத் தொடுவதற்குள் உங்கள் காபியில் ஆடை படிந்துவிடும். போன வருஷம் சொன்னபோது அந்தப் பிரபு வெறும் கம்பளி வியாபாரி. யார் கேட்பது?

இதையெல்லாம் ஒரு தாளில் டைப் செய்து, கடைசி வரியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். விசா முடிந்தால் கிளம்ப வேண்டிய ஊரில் மனுஷன் பெயர் வேறு எதில் நிற்கும்? எனக்கே பாவமாக இருக்கும்.

சின்ன ஃபிளாட்டுக்கு மாற வேண்டி வந்தது. "அந்தப் பெட்டி வந்தா நான் வரமாட்டேன்" என்றார் வசந்தகுமாரி. பத்மநாபன் வாரிசு தேட ஆரம்பித்தார். வந்தவர்களிடம் ஒரே கேள்வி: "இதை எதுக்கு வச்சுப்பீங்க?"

"ஷூ போட்டு வைக்கலாம் சார்" என்றார் முதலில் வந்த சதீஷ்குமார். அவருக்குக் காபிகூடக் கிடைக்கவில்லை.

பிறகு வந்தவர் யாழ்ப்பாணத்து அரியரத்தினம். இரண்டு மணி நேரம் கேட்டார். கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. "பிறகு என்ன நடந்தது? சொல்லுங்கோ" என்று வேறு கேட்டார். பத்மநாபன் உருகிப்போய், பெட்டியைத் தாளோடு சும்மாவே கொடுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அரியரத்தினம் மகளின் பிறந்தநாள். நானும் பத்மநாபனும் தாமதமாகப் போய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். உள்ளே விருந்தாளிகள் நடுவே பெட்டி. பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரியரத்தினம்.

"முதல் வச்சிருந்தது இங்கிலாந்து ராசாவின்ர சொந்தக்காரர். பிறகு கண்டித் துரை. பிறகு ஒயில் கொம்பனி மனேச்சர்."

பத்மநாபன் சட்டையை நீவிக்கொண்டார்.

"அதுக்குப் பிறகு ஆரோ கொஞ்ச நாள் வச்சிருந்தவை. இப்ப நான்."

பத்மநாபன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சரி, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை யாரிடமிருந்து வந்தது, சொல்லுங்கள். "யாரோ ஒரு மலையாளி" என்றுதானே வாயில் வருகிறது?