கணக்குத் துரையின் தலை

786

மருதமுனை,
23.11.1956,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

என் சகோதரியின் புத்திரனும், அல்லாஹ் நாடினால் என் மகள் ஸகியாவுக்கு மாப்பிள்ளையாக வரவிருப்பவருமான அன்பு மருமகன் ஜவுபருக்கு, மாமா அபுல் ஹஸன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இவ்விடத்தில் நானும் மாமியும் ஸகியாவும் தறிகளும் சுகம். அவ்விடத்தில் உங்கள் சுகத்தை இப்போது விசாரிக்கமாட்டேன். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்த பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதினால் போதும். இன்னொன்று. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து உங்களை 'நீங்கள்' என்றுதான் அழைக்கவேண்டும் என்பது மாமியின் கட்டளை. காற்சட்டை இல்லாமல் என் தறிக்குழிக்குள் விழுந்து அழுத பிள்ளையை 'நீங்கள்' என்று எழுதும்போது பேனை கொஞ்சம் இடறுகிறது. கோபம் வரும் இடங்களில் பழைய 'நீ' வந்தால் அது மாமா எழுதியது, மாமனார் எழுதியதல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். லீவில் வந்து புது வீட்டு அறையில் இருந்துகொண்டு படம் கீறி, கொழும்புக் கம்பனித் துரையின் தந்தி கண்டதும் அப்படியே விட்டுவிட்டு ஓடிய படக்கட்டை உடனே அனுப்புங்கள், அது இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். அனுப்பாததற்குக் காரணம் உண்டு. விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு துரை, தானாகவே கணக்குப் பார்க்கும் பித்தளை மெசின் ஒன்றைச் செய்யத் தொடங்கி, அரசாங்கத்துப் பணத்தையும் தன் பணத்தையும் அதற்குள் போட்டு, முடிக்காமலே மவுத்தாகிவிட்டார் என்றும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட அவரைப் பற்றி அசையும் சித்திரப்படம் எடுக்கிறோம் என்றும் நீங்கள் சொன்ன அன்றைக்கே நான் கேட்டேன், முடித்தவன் ஒருவனும் கிடைக்கவில்லையா என்று. முடிக்காதவர்களைப் படம் எடுப்பதென்றால் நமது பக்கத்தில் வாய்க்காலுக்கு மதகு கட்டும் கொந்தராத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் எடுக்கலாமே. உங்களுக்காகக் கட்டும் வீட்டுக்கு இன்னும் உள்கதவுகள் போடாத நான் இதைச் சொல்லக்கூடாதுதான். சொல்லிவிட்டேன், விடுங்கள்.

மழை பிடித்தது. கூரையில் ஓர் ஒழுக்கு, சரியாக உங்கள் கட்டின் மேலே. நனைந்துவிடப்போகிறதே என்று பதறி அவிழ்த்து, தாள்களைப் பாய் முழுக்கப் பரப்பினேன். பார்த்தால் அவ்வளவும் ஒரே கணக்குத் துரை! ஒரே தொப்பி, ஒரே மெசின். கை மட்டும் தாளுக்குத் தாள் ஒரு நெல் அளவு தள்ளி, தலை ஒரு நெல் அளவு குனிந்து. பொடியனுக்குக் கை சரியாக வரவில்லை, அதுதான் திரும்பத் திரும்பக் கீறிப் பார்த்திருக்கிறான், பாவம் என்று மாமியிடம் சொன்னேன். "படிக்கிற காலத்துலயும் அவன் அப்பிடித்தான். வாத்தியார் தண்டனைக்கு எழுதக் குடுத்திருப்பார்" என்றார் மாமி. அந்த நேரம் பார்த்து நமது குடிக்கு மரைக்காயர் பக்கீர் முகைதீன் உள்ளே வந்தார். அவர் சொல் இல்லாமல் நம் குடியில் ஒரு கலியாணமும் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் மேல் தாளில் என்ன எழுதி வைத்தீர்கள்? "மாமா, கவனம். இவருக்கு நான் இன்னும் முழுதாக உயிர் கொடுத்து முடியவில்லை." அதை நானே, வாய் நிறைய, அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

மரைக்காயருக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது. "என்ன குடுக்கிறானாம்?" என்று கேட்டார். "உயிர்" என்றேன். "றூஹு குடுக்கிறது ஆர்ர வேல அபுல் ஹஸன்? ஒண்ட மருமகன்ட வேலயா?" என்றார். "இதுக்கு ஒரு முடிவு தெரியாம நிக்காஹ் எழுத நான் இந்த வளவுக்குள்ள கால் வெக்கமாட்டன்" என்றும் சொல்லிவிட்டார். குசினிக்குள் ஒரு சட்டி விழுந்து உடைந்தது. போட்டது ஸகியா. அட மடையா, 'படத்தை அசைக்கிறேன்' என்று எழுதினால் உன் பேனையில் மை முடிந்துவிடுமா? 'சித்திரம் நகர்கிறது' என்று எழுதினால் கொழும்பில் அபராதமா? உயிர் என்ற சொல்தான் உனக்குக் கிடைத்ததா? மன்னிக்கவும். உங்களுக்குக் கிடைத்ததா?

மரைக்காயரும் நானும் உடனே கச்சிமுகம்மது ஆலிமைத் தேடிப் போனோம். அவர் கடற்கரையில் கீரி மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நான் கதை முழுவதையும் சொன்னேன். துரை, மெசின், உயிர், நிக்காஹ், ஒழுக்கு ஒன்றும் விடவில்லை. அவர் மீன்காரனின் கூடையிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "அபுல் ஹஸன், அந்தப் படத்துல நீங்க தலையிடாதீங்க." எனக்கு மேல் சிலிர்த்தது. பெரிய பெரிய கிதாபுகளைப் புரட்டிச் சொல்ல வேண்டியதை மனுஷன் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாரே! நான் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டுக்கொள்ளும் ஆள் என்பதால், "ஒரு படத்துலயும் கூடாதா ஆலிம்?" என்று கேட்டேன். "ஒண்டுலயும் தலையிடாதீங்க. ஒங்கட பொஞ்சாதியும் தலையிடப்படாது" என்றார். மாமிக்குக் கோழிகூடக் கீறத் தெரியாதே, அவர் எங்கே தலை இடப்போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் ஆலிம் என்றால் எல்லாப் பக்கமும் அடைத்துத்தான் பேசுவார். திரும்பி வரும் வழியில் மரைக்காயர் எனக்கு விளக்கினார்: "தல இல்லாட்டி உயிர் இல்ல. உயிர் இல்லாட்டிக் குத்தமில்ல. தலய எடுத்துப் போட்டு வா, நிக்காஹ் எழுதுவம்."

ஆகவே மருமகன், எடுத்துவிட்டோம். நூல் வெட்டும் கத்தரிக்கோலால் நானும் மரைக்காயரும் இருந்து எல்லாத் தலையையும் வெட்டிவிட்டோம். மாமி தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "பாவம், ஆர் பெத்த புள்ளயோ. மெசினும் முடியல்ல, இப்ப தலயும் இல்ல" என்று மூக்கைச் சிந்தினார். தொப்பியை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. தொப்பிக்கு உயிரில்லை என்று மரைக்காயர் தீர்த்துவைத்ததால் தொப்பியை விட்டு, அதற்குக் கீழே வட்டமாக ஓட்டை போட்டோம். வேலை சுத்தம், நீங்களே பார்ப்பீர்கள். நீங்கள் சொன்னபடி அந்த மெசின் வேலை செய்வதற்கும், பூப்போடும் தறிக்குப் போடுவதுபோல ஓட்டை போட்ட அட்டைகள்தானே வேண்டும்? இப்போது உங்களிடம் ஒரு கட்டு இருக்கிறது. இதையும் கொழும்புத் துரையிடம் நயமாக எடுத்துச் சொல்லவும்.

முடிவாக நான் சொல்வது இதுதான். தலையில்லாமலே படத்தை எடுக்கும்படி உங்கள் கம்பனித் துரையிடம் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து என் தறியில் இருந்து சாரன் நெய்யுங்கள். சாரனுக்குத் தலை தேவையில்லை. இரண்டும் முடியாது என்றால் கலியாணம் இல்லை. ஸகியா என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிப் போகிறாள். வெட்டிய தலைகளை எல்லாம் பொறுக்கிப் பிஸ்கட் டின் ஒன்றுக்குள் போட்டு, அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். நான் என் பிள்ளைக்கு நல்லதுதான் செய்கிறேன். மார்க்க விஷயத்தில் ஆலிமின் சொல்லுக்கு மேலே எனக்குச் சொல் இல்லை.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வயிறு நிறைய ரிசுக்கையும், எழுதும் சொல்லைப் பார்த்து எழுதும் புத்தியையும் தருவானாக. உங்கள் அறைத் தோழர்களுக்கு என் ஸலாம். மாமி ஸலாம் சொல்கிறார். ஸகியா ஒன்றும் சொல்லவில்லை.

இங்ஙனம்,
அன்புள்ள மாமா
அ. அபுல் ஹஸன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் வாசிக்க வேண்டாம். வாசித்துவிட்டால் மறந்துவிடவும். கடிதத்தை மடிக்கும்போதே கச்சிமுகம்மது ஆலிம் வந்தார், கலியாணம் எப்போது என்று கேட்க. ஓட்டை போட்ட படக்கட்டை எடுத்து அவர் மடியில் வைத்து, "நீங்க சொன்னபடி தல இடல்ல ஆலிம், இட்ட தலயயும் எடுத்துட்டம்" என்று பெருமையாகச் சொன்னேன். மனுஷன் ஒரு தாளை எடுத்து, ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார். அடுத்த தாளை எடுத்து, அதற்குள்ளாலும் பார்த்தார். "அபுல் ஹஸன்" என்றார், "நான் தலையிடாதீங்க எண்டது, ஒங்கட வேலயப் பாத்துக்கொண்டு பேசாம இரிங்க எண்டு." கடிதம் எழுதும்போது பக்கத்தில் இருந்த மரைக்காயர், "தமிழ் இவ்வளவு மோசமான பாஷ எண்டு எனக்கு இண்டு வரைக்கும் தெரியா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். போகிற போக்கில், நிக்காஹ் எழுத வருவதாகவும் சொன்னார்.

குசினிக்குள் ஸகியா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள்! உடனே பிஸ்கட் டின்னையும், பாவு நூலுக்குப் போடும் கஞ்சிப் பசையையும் எடுத்துக்கொண்டு வந்து இருந்து, தலைகளை ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினாள். எந்தத் தலை எந்தத் தாளுக்கு என்று ஆருக்குத் தெரியும்? கைக்கு வந்ததை ஒட்டினாள். குனிந்த தலையும் நிமிர்ந்த தலையும் மாறி மாறி வந்துவிட்டன. ஒட்டி முடித்துக் காய்ந்ததும் கட்டை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையின் பெருவிரலால் தாள்களைச் சரசரவென்று விட்டுப் பார்த்தாள். நீங்கள் அப்படித்தான் செய்து பார்ப்பீர்களாம். அது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் அறைக்கும் குசினிக்கும் நடுவில் கதவு போடாதது என் குற்றம்.

கடைசியாக மார்க்கப்படி ஒன்றைக் கேட்கவேண்டி இருந்தது. மகளின் சம்மதத்தை வாப்பா கேட்கவேண்டுமே. "மகள், இவனையே கலியாணம் முடிக்க ஒனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அவள் கட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, தாள்களை விட்டாள். கணக்குத் துரை தொப்பியோடு என்னைப் பார்த்து ஓம், ஓம், ஓம் என்று தலையாட்டினார். ஆலிம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் அழுதுவிட்டேன். கொழும்பில் நீ இதைத்தான் செய்கிறாய் என்று எனக்கு அதுவரை விளங்கவில்லையடா.

கட்டு நாளைக் காலை மட்டக்களப்புக்குப் போய் ரெயில் ஏறுகிறது. நாளும் குறித்துவிட்டோம், றஜபு மாதம். அதில் நீங்கள் தலையிடாதீர்கள்.