லேமினேஷன் சார் காப்பாற்றிய தாள்

"புள்ளி எங்க சார்?" என்று கேட்டார் தையல் டீச்சர்.

வாக்குப்பதிவு தொடங்க இன்னும் ஐம்பது நிமிடங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறையில், சுவரோரம் அடுக்கப்பட்ட பெஞ்சுகளுக்கு நடுவே, தலைமை அலுவலராக நியமிக்கப்பட்டிருந்த பதிவறை எழுத்தர் அரக்கு முத்திரைகளை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தார். எந்தப் புள்ளி என்று நிமிராமலே கேட்டார்.

"இந்தத் தாள்லதான். கண் தெரியாதவங்க தடவிப் படிக்கிற தாள்னு கையேட்டுல போட்டிருக்கு. தடவினா ஐஸ் மேல கை வெச்ச மாதிரி இருக்கு."

"கறுப்பா வரிசையா தெரியுதே, அதுதான் டீச்சர் புள்ளி."

"எனக்குத் தெரியுது சார். விரலுக்குத் தெரியணுமே."

எழுத்தர் தாளை வாங்கி ஆள்காட்டி விரலால் தடவினார். பிறகு கட்டைவிரலால் தடவினார். பிறகு, தம் விரல்களில்தான் ஏதேனும் கோளாறோ என்று ஐயுற்று, கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தாள் அவருடைய கன்னத்தைவிட வழவழப்பாக இருந்தது. அதற்குக் காரணமானவர் யார் என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

அலுவலகத்தில் அவருக்கு 'லேமினேஷன் சார்' என்று பெயர். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காகிதங்களைக் கறையான், ஈரம், மேலதிகாரியின் தேநீர்க் கோப்பை ஆகிய மூவகை எதிரிகளிடமிருந்தும் காத்துவருபவர். வீட்டில் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும், துவைக்கும் இயந்திரத்தின் உத்தரவாத அட்டையும், மருத்துவர் என்றோ எழுதித் தந்த இருமல் மருந்துச் சீட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் தம்மையும் உள்ளே போட்டு ஒட்டிவிடுவார் என்பது அவர் மனைவியின் நெடுநாளைய புகார்.

முந்தைய மாலை தேர்தல் பொருள்களைப் பெற்றுக்கொண்டபோது, மற்ற எல்லாவற்றிலும் மூன்று நான்கு பிரதிகள் இருக்க, இந்தப் புள்ளித் தாளில் மட்டும் ஒரே பிரதி இருப்பதைக் கண்டார். ஒற்றைப் பிரதியைப் பாதுகாப்பின்றி விடுவது அவர் இயல்பில் இல்லை. வழியிலிருந்த கடையில் கொடுத்து லேமினேட் செய்துகொண்டார். "இவ்ளோ வழுவழுன்னு எந்தத் தாளும் மிஷினுக்குள்ள போனதில்ல சார். ஒரு குமிழிகூட வரல," என்றார் கடைக்காரர். எழுத்தர் அதைத் தமக்குக் கிடைத்த பாராட்டாக ஏற்றுக்கொண்டார்.

இப்போது அவர் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சூடான உருளைகளுக்கு நடுவே புள்ளிகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அவருக்குத் துணிவு வரவில்லை.

தையல் டீச்சர் கையேட்டை உரக்க வாசித்தார். மேற்படி தாளின் நிலைக்குத் தலைமை அலுவலரே முழுப் பொறுப்பாவார் என்று அதில் கண்டிருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு மெமோகூட வாங்காதவர் எழுத்தர். அடுத்த மாதம் பதவி உயர்வு. வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே, பார்வையற்றவர் என்பதைக் குறிக்கும் சிறிய அடையாளம் இருந்தது. பெண், வயது நாற்பத்தொன்று.

"ஒருத்தங்கதான். ஒருவேளை வெளியூர் போயிருப்பாங்க," என்றார் எழுத்தர். ஒரு வாக்காளர் வராமலிருக்க வேண்டும் என்று வாக்குச்சாவடி அலுவலர் ஒருவர் மனதார வேண்டிக்கொண்டது அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும். வேண்டிக்கொண்ட மறுகணமே அவருக்கு அது வெட்கமாகவும் இருந்தது.

உறையை உரித்துவிட்டால் புள்ளிகள் மூச்சு வாங்கி எழுந்துகொள்ளக்கூடும் என்று முதலில் அவருக்குத் தோன்றியது. நகத்தால் ஓரத்தைக் கீறி மெல்ல இழுத்தார். எட்டு வேட்பாளர்கள் வரை உறை மரியாதையாக வந்தது. ஒன்பதாமவர் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு கிழிந்து போய்விட்டார். அவர் சுயேச்சை. அறையில் அவருக்கு முகவர் எவரும் இல்லாததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எஞ்சிய தாளும் முன்போலவே வழவழவென்றிருந்தது.

"குத்திட்டாப் போச்சு," என்று டீச்சர் கைப்பையிலிருந்து தடித்த தையல் ஊசியை எடுத்தார். தாளின் முன்பக்கத்திலிருந்து கறுப்புப் புள்ளி ஒன்றுவிடாமல் குத்திக்கொண்டே போனவர், கடைசியில் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊசியை மெதுவாகத் தலையில் செருகிக்கொண்டார்.

"சார், மேடெல்லாம் பின்பக்கம் வந்திருக்கு. பின்பக்கம் தடவினா எழுத்து வலமும் இடமும் மாறிடுமே. துணியை உள்பக்கமா திருப்பித் தெச்ச கதையா ஆயிடுச்சு."

முன்பக்கத்திலேயே மேடு வேண்டும். ஆதலால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சொட்டுப் பசை வைத்து உலர்த்திவிடலாம் என்று எழுத்தர் முடிவு செய்தார். அலுவலகப் பசை நல்ல பசை. வேட்பாளர்களுக்கிடையே வேறுபாடு பாராமல் ஓடிக் கலந்தது.

அதற்குள் கட்சி முகவர்கள் இருவர் வந்து சேர்ந்திருந்தனர். ஒரு கட்சிக்கு மீசைக்காரர், எதிர்க்கட்சிக்குக் கண்ணாடிக்காரர். மேசைக்கு மேல் குனிந்த மீசைக்காரர், தம் வேட்பாளரின் புள்ளிகள் மட்டும் சப்பையாக இருப்பதாகக் குறை கூறினார். எழுத்தர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னொரு சொட்டு வைத்தார். உடனே கண்ணாடிக்காரர் எழுந்தார்.

"அது எப்படி சார், அவங்க ஆளுக்கு மட்டும் ரெண்டு சொட்டு? இது பிரசாரம்."

"பசையில என்னய்யா பிரசாரம்?" என்றார் மீசைக்காரர்.

"எதுல இல்ல உங்களுக்கு?"

இருவரையும் கைகூப்பி அமர்த்திவிட்டு, விரைவில் உலரட்டும் என்று எழுத்தர் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். தாள் எழுந்தது, அறையை ஒருமுறை வலம் வந்தது, மீசைக்காரரின் வெள்ளைச் சட்டையில் போய் நெஞ்சோடு நெஞ்சாக அப்பிக்கொண்டது. மிச்சமிருந்த எட்டு வேட்பாளர்களையும் மார்பில் சுமந்தபடி, தமக்கு ஒருவரைத்தான் ஆதரிக்க அனுமதி உண்டு என்று அவர் முறையிட்டார். உரித்தெடுத்தபோது சட்டைப் பொத்தான் ஒன்றும் தாளோடு வந்துவிட்டது.

ஏழு மணிக்கு வாக்குப்பதிவு தொடங்கியது. வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுத்தரின் கை மேசை இழுப்பறையை மூடியது. தாள் அதற்குள் இருந்தது.

பதினொரு மணிக்கு வாசற்படியில் வெள்ளைக்கோல் ஒன்று இருமுறை தட்டியது. கோலை மடக்கியபடி உள்ளே வந்த பெண்மணி, தம் வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு என்றும், ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை என்றும், பன்னிரண்டு மணிக்குப் பணியில் இருக்க வேண்டும் என்றும் கூறினார். அந்தக் குரல் எழுத்தருக்குப் பழக்கமானது. மனைவியின் மூட்டுவலிக்காக ஃபோன் செய்தபோதெல்லாம் "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காங்க, லைன்லயே இருங்க," என்று சொன்ன குரல்.

"தடவிப் படிக்கிற தாள் வந்திருக்குன்னு ரேடியோவுல சொன்னாங்க," என்றார் அந்தப் பெண்மணி. "அதனாலதான் இந்தத் தடவை யாரையும் கூட்டிட்டு வரல."

துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு என்று எழுத்தர் மிகப் பணிவாக நினைவூட்டினார்.

"உண்டு சார். இருபது வருஷமா என் அண்ணன்தான் கூட வந்தான். நான் சொன்ன ஆளுக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்றான். வீட்டுல ரிமோட் அவன் கையில இருந்து, நான் கேட்ட பாட்டு ஒரு நாளும் வந்ததில்ல."

அப்படியானால் தாமே உடன்வரச் சித்தமாயிருப்பதாக எழுத்தர் சொல்லி முடிக்குமுன், கூடாது என்றார் மீசைக்காரர். கூடவே கூடாது என்றார் கண்ணாடிக்காரர். காலையிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

தாள் அனுப்பப்படவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு வரி போதும். அவருக்கு வசதியாக முகவர்கள் இருவரும் சுவரைப் பார்க்க, தையல் டீச்சரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வரி நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் எதிரே நின்றிருந்தவர், கடையில் வாங்கிய பொருளைப் பெற்றுக்கொள்வதைப் போல, அத்தனை இயல்பாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தாள் வந்துச்சும்மா," என்றார் எழுத்தர். "நான்தான் கெடுத்துட்டேன். கிழியாம இருக்கட்டும்னு லேமினேட் பண்ணினேன். புள்ளியெல்லாம் நசுங்கிடுச்சு. அப்புறம் சரி பண்றேன்னு..."

"குடுங்க, பாப்போம்."

இழுப்பறையிலிருந்து தாள் வெளியே வந்தது. பெண்மணியின் விரல்கள் முன்பக்கம் நகர்ந்து பசையில் சிக்கி மீண்டன. திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்த்தார்.

"இது கண்ணாடியில பாக்கற மாதிரி எழுதியிருக்கு சார். எனக்குக் கண்ணாடி பாக்கற பழக்கம் இல்ல."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

"ரெண்டாவது பேருக்குப் பக்கத்துல ஒரு சட்டைப் பொத்தான் இருக்கு," என்று அவர் தொடர்ந்தார். "அதுவும் தேர்தல்ல நிக்குதா?"

முதலில் அவரே சிரித்தார். பிறகு டீச்சர், பிறகு கண்ணாடிக்காரர், கடைசியாகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு மீசைக்காரரும். எழுத்தருக்கு மட்டும் கண் கலங்கியது.

பெண்மணி தோள்பையைத் திறந்து, சிறு கட்டங்கள் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்றையும், மரப்பிடி போட்ட மொண்ணை ஊசி ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தார். கெட்டியான வெள்ளைத் தாள் ஒன்று கேட்டார். அதைச் சட்டத்துக்குள் பொருத்திக்கொண்டு, பெயர்களை வரிசையாக வாசிக்கச் சொன்னார்.

"ஏஜென்ட் ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு கேளுங்க. வரிசை மாறினா சொல்லுங்க. மெதுவா வாசிக்க வேணாம் சார், நாள் முழுக்க ஃபோன்ல சொல்றதை எழுதறவ நான்."

எழுத்தர் வாசித்தார். ஊசி வலமிருந்து இடமாக டக்டக்கென்று ஓடியது. திருப்பும்போது சரியாக வர வேண்டுமென்றால் அப்படித்தான் குத்த வேண்டும் என்று பெண்மணி போகிறபோக்கில் சொல்ல, தையல் டீச்சர் தலையில் செருகியிருந்த ஊசியைச் சத்தமில்லாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுயேச்சையின் பெயரைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து வாசித்தார்கள். பத்து நிமிடங்களில் ஒன்பது பெயர்களும் தாளில் எழுந்து நின்றன. அவர் தாளைத் திருப்பித் தடவி, எல்லாப் பெயர்களையும் உரக்கப் படித்துக் காட்டினார். ஒரு பிழையும் இல்லை.

பிறகு தாளோடு மறைப்புக்குப் பின்னால் போனார், தனியாக.

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிடம் ஆயிற்று. மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாக விரல் எண்ணிக்கொண்டு வருவதை அவரால் ஊகிக்க முடிந்தது. இயந்திரம் நீளமாக ஒலித்தது. அவர் அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சு, மேசைமேலிருந்த இரண்டு படிவங்களை நகர்த்தியது.

"அண்ணன்கிட்ட யாருக்குப் போட்டேன்னு சொல்லுவீங்க?" என்று வெளியே வந்தவரிடம் டீச்சர் கேட்டார்.

"சொல்றதா? வாரம் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்னுதான தனியா வந்தேன்."

இனி வருகிறவர் யாருக்கேனும் பயன்படட்டும் என்று தாளை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு, கோலை விரித்துக்கொண்டு அவர் படியிறங்கினார். எழுத்தர் தாளை இரு கைகளாலும் ஏந்தி நின்றார். இத்தனை அருமையான ஒற்றைப் பிரதி, அழுக்குப் படிந்துவிடாமல்...

"சார்," என்றார் தையல் டீச்சர். "அதை அப்படியே மேசைமேல வெச்சிடுங்க."

பன்னிரண்டு மணிக்கான அறிக்கையில், 'சிறப்புத் தாளைப் படித்துத் தாமே வாக்களித்தவர்' என்ற கட்டத்தில், 'ஒருவர்' என்று எழுத்தர் நிரப்பி அனுப்பினார். அது உண்மை. எந்தத் தாள் என்று படிவத்தில் கேட்கவில்லை. ஆயினும் மனம் ஒப்பாமல், நடந்த அனைத்தையும் ஒப்புக்கொண்டு, பசையின் அளவு உட்பட நான்கு பக்கங்களில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டார். எழுதி முடித்தபோது, மெமோ வந்தாலும் வரட்டும் என்று தோன்றியது. அப்படியொரு எண்ணம் தமக்கு வந்ததே அவருக்கு வியப்பாக இருந்தது. அந்த நீளமான ஒலி இன்னும் காதில் இனிமையாக இருந்தது.

மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் தலைமையகத்தின் ஜீப் வந்து நின்றது. டிரைவர் மட்டும் இறங்கி உள்ளே வந்தார். எழுத்தர் எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கடிதத்தை நீட்டினார்.

"தப்பு முழுக்க என்னுடையதுதான். இதுல விவரமா எழுதியிருக்கேன்."

டிரைவர் கடிதத்தை வாங்கவில்லை.

"அது என்னன்னு எனக்குத் தெரியாது சார். அச்சாபீஸ்ல மேடா புள்ளி குத்தாம வெறும் மையில அடிச்சுக் குடுத்துட்டாங்களாம், இருநூறு பூத்துக்கும் போன தாள் மொத்தமும் வழுவழுன்னுதான் இருக்காம். உங்க பூத்துல மட்டும் ஒருத்தங்க அதைப் படிச்சு ஓட்டே போட்டுட்டாங்களாமே, எப்படின்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."