கறுப்புப் பின்னணியில் உன் மாமன்

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு நான் உயிருடன் நலம். இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. இப்படித்தான் நடக்கும் என்று அன்றே சொன்னேன், எவன் கேட்டான்?

என் தையல் மெஷின் ரிப்பேர் கடை பக்கத்துத் தெருவுக்கு மாறிய சேதியை எல்லோருக்கும் அனுப்ப ஒரு கார்டு செய்ய வேண்டும் என்றதும், அந்த வேலையிலேயே சம்பளம் வாங்குகிறவள் என்று நீ விதிகளாக அனுப்பினாயே, ஒரு கார்டுக்கு ஒரு சேதி, இரண்டு நிறம் போதும், சுற்றிலும் காலி இடம் விடு, முக்கியமானதை நடுவில் வை என்று, அவற்றை நீ பிறக்கும் முன்பே நான் அறிவேன் என்றாலும் உன் மனம் நோகக்கூடாதென்று அப்படியே செய்தேன். கடையில் முக்கியம் யார்? நான். ஆகவே என் படம் நடுவில், எடுப்பாகத் தெரியக் கறுப்புப் பின்னணி. கடைப் பெயரையும் முகவரியையும் மேலும் கீழும் ஓரத்துக்குத் தள்ளினேன். உங்கள் போன்கள் ஓரத்தை வெட்டித்தான் காட்டுமாம். மிஞ்சியது கறுப்பும் என் முகமும்.

சொந்தக்காரர்கள் குரூப்பில் கும்பிடு மேல் கும்பிடு! ஒருவனாவது எப்படிச் செத்தேன் என்று போன் போட்டுக் கேட்டானா? உன் பெரியப்பா "நல்ல மனுஷன்" என்று போட்டிருந்தார். உயிரோடிருக்கையில் அதைச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா? "இருக்கிறேன்" என்று நான் எழுதியதற்கும் ஒரு கும்பிடு விழுந்தது.

நூல்கண்டு என்று நாங்கள் கூப்பிடும் எதிர்க்கடைத் தையல்காரன் ஓடிவந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்க போயிட்டீங்கன்னு..."

"யாருடா சொன்னது?"

"நீங்கதானே அனுப்பியிருக்கீங்க! முன்னாடியே ரெடி பண்ணி வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். உங்க முன்யோசனை யாருக்கு வரும்! சரி, என் மோட்டார் உங்ககிட்ட கிடக்குதே, எடுத்துக்கவா?"

பின்னாலேயே கட்டட ஓனர், கையில் புதுப் பூட்டு. "இருக்கீங்களா? அடடா!" என்றார். அந்த "அடடா"வை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

ஆனால் உன் அம்மா வந்தாள். உன் கல்யாணத்துக்குப் பிறகு என் முகத்தில் விழிக்காதவள், ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, "பாவி, என்கிட்ட சொல்லாம போயிடுவியாடா?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். தெருவே அழுதது. கட்டட ஓனர் பூட்டால் கண்ணைத் துடைத்தார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருவரும் நூறாண்டு இருங்கள். கார்டில் மட்டும் படம் போடாதீர்கள்.

இன்னும் உயிரோடிருக்கும்
உன் தாய்மாமன்

பி.கு: அக்கா வந்தது மட்டும் நானாகச் சேர்த்தது. கார்டைப் பார்த்துவிட்டாள், போனில் நீல டிக் விழுந்திருக்கிறது. கும்பிடுகூடப் போடவில்லை. அவள் ஒருத்திதான் அதை நம்பவில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ அவளிடம் கேட்டுக்கீட்டு வைக்காதே.